இடைக்கால இசையைத் தழுவிய ஃபோக் ராக்: எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

ஐரோப்பாவின் இடைக்கால இசையும் மறுமலர்ச்சிக் கால இசையும் ராக் இசையோடு கலந்த ஆல்பங்களைக் கேட்க விரும்புகிறவருக்கு இன்று கிடைக்கும் பட்டியல் மிக நீளமானது. 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் துளிர்த்து, 1970களில் பிரான்சிலும் ஜெர்மனியிலும் தழைத்து, 1990களில் ஹெவி மெட்டல் வரை கிளை பரப்பிய இந்த வகையில், ஃபோக் ராக் (நாட்டுப்புற இசை கலந்த ராக்) என்ற ஒரே பெயரின் கீழ் ஒன்றோடொன்று ஒட்டாத பல முயற்சிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. பொருந்தாத ஆல்பத்தில் தொடங்கியவர், இந்த இசையே இவ்வளவுதான் போலும் என்று ஒதுங்கிவிடுவதும் உண்டு. ஆகவே, முதன்முதலாக உட்கார்ந்து முழுமையாகக் கேட்பதற்கோ இசைத்தட்டாக வாங்கி வைத்துக்கொள்வதற்கோ உகந்த ஆல்பம் எது என்பதை, நான்கு ஆல்பங்களை அருகருகே வைத்து இங்கே பார்க்கிறேன். அமேசிங் பிளாண்டல் குழுவின் 'ஃபான்டேசியா லிண்டம்' (1971), கிரிஃபன் குழு தன் பெயரிலேயே வெளியிட்ட முதல் ஆல்பம் (1973), பிரெஞ்சுக் குழுவான மாலிகார்னின் 'அல்மனாக்' (1976), பிளாக்மோர்ஸ் நைட்டின் 'ஷேடோ ஆஃப் தி மூன்' (1997) ஆகியவையே அந்த நான்கு.

இந்த வகை பற்றிப் பேசும்போது தவறாமல் எழும் மூன்று பெயர்களை நான் சேர்க்கவில்லை. 1969 டிசம்பரில் வெளிவந்த ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் 'லீஜ் அண்ட் லீஃப்' பிரிட்டிஷ் ஃபோக் ராக்கின் திருப்புமுனை என்பதில் ஐயமில்லை. அதில் இடம்பெற்ற 'டாம் லின்' கதைப்பாடலின் கதை 1549ஆம் ஆண்டு நூல் ஒன்றிலேயே குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆனால் கதை பழையதாக இருந்தாலும் காதில் விழுவது மின்கிட்டாரும் ஃபிடிலும் ட்ரம்ஸும்தான். பழங்கால ஒலியை அந்தக் குழுவினர் தேடவே இல்லை. ஸ்டீலை ஸ்பான் குழு 1972இல் 'பிலோ தி சால்ட்' ஆல்பத்தில் பாடிய 'காவ்டேட்டே', 1582இல் அச்சான 'பியே கான்டியோனஸ்' என்ற லத்தீன் பாடல் தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. இசைக்கருவி எதுவும் இல்லாமல் குரல்களால் மட்டுமே பாடப்பட்ட அந்தப் பாடல், 1973 கிறிஸ்துமஸ் காலத்தில் பிரிட்டிஷ் தரவரிசையில் 14ஆம் இடம் வரை ஏறியது என்பது வியப்பான செய்தி. ஆயினும் ஒரு பாடலுக்காக ஓர் ஆல்பத்தைப் பரிந்துரைக்க இயலாது. ஷெர்லி காலின்ஸ், டாலி காலின்ஸ் சகோதரிகளின் 'ஆந்தெம்ஸ் இன் ஈடன்' (1969) இவற்றுள் எனக்கு மிக நெருக்கமானது. டேவிட் மன்ரோவின் குழுவைச் சேர்ந்த கலைஞர்கள் பழைய இசைக்கருவிகளை வாசிக்க, நாட்டுப்புறக் குரல் அதன்மேல் எழும் அருமையான தொகுப்பு அது. ஆனால் அதில் ராக் என்று சொல்லத்தக்க அம்சம் ஏதும் இல்லை. பின்னால் வந்த பலருக்கும் வழி திறந்துவிட்ட ஆல்பம் என்ற வகையில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ கேட்க வேண்டியது.

ஒப்பிடத் தொடங்குமுன் ஓர் அளவுகோலைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பழைய இசைக்கு எந்த ஆல்பம் அதிக உண்மையாக இருக்கிறது என்ற கேள்வி பார்ப்பதற்குப் பொருத்தமாகத் தோன்றினாலும், அதற்கு உறுதியான விடை இல்லை. 13, 14ஆம் நூற்றாண்டுகளின் 'எஸ்டாம்பி' என்ற நடன இசை நமக்குக் கையெழுத்துப் படிகளில் பெரும்பாலும் ஒற்றை மெட்டாகவே கிடைத்திருக்கிறது. தாளவாத்தியம் என்ன வாசித்தது, உடன் எந்தக் கருவி ஒலித்தது என்று எதுவும் எழுதப்படவில்லை. இசைப் பதிப்பாளர் டீல்மான் சுசாட்டோ 1551இல் ஆன்ட்வெர்ப் நகரில் அச்சிட்ட புகழ்பெற்ற நடன இசைத் தொகுப்போ, எல்லா இசைக்கருவிகளிலும் வாசிப்பதற்கு ஏற்றது என்று முகப்பிலேயே அறிவித்தது. அப்படியிருக்க, அந்த மெட்டை மின்கிட்டாரில் வாசித்தது குற்றம் என்று யாரும் வழக்குத் தொடுக்க முடியாது. பழைய இசையை இன்று வாசிக்கும் எவரும் பாதியைத் தாமே இட்டு நிரப்பியாக வேண்டும்.

ஆகவே நான் கேட்கும் கேள்வி வேறு. அந்தக் காலத்து மெட்டுக்கும் கருவிக்கும் உரிய இயல்பை ராக் இசையின் ஓங்கிய தாளம் விழுங்கிவிடாமல், அதே வேளையில் ராக்கின் விசையும் குன்றாமல், இரண்டையும் ஒரே அறையில் உட்காரவைக்க ஒவ்வொரு குழுவும் என்ன செய்தது என்பதே அது.

இது எவ்வளவு கடினமான வேலை என்பதை உணர க்ரம்ஹார்ன் என்ற ஒரு கருவியைப் பார்த்தால் போதும். மறுமலர்ச்சிக் காலத்தில் பெருவழக்காக இருந்த இந்த மரக்குழல், கீழ்முனையில் கைத்தடியின் பிடியைப் போல மேல்நோக்கி வளைந்திருக்கும். நம் நாகஸ்வரத்தைப் போலவே இதுவும் இரட்டை நாக்கு கொண்ட சீவாளியால் ஒலிப்பது. ஆனால் நாகஸ்வரக் கலைஞர் சீவாளியை நேரடியாக உதட்டில் வைத்து, அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் கமகங்களை இழைப்பார். க்ரம்ஹார்னில் சீவாளி ஒரு மரமூடிக்குள் மறைந்திருக்கிறது. வாசிப்பவரின் உதடு அதைத் தொடவே முடியாது. மூடியின் துளை வழியே காற்றை ஊத மட்டுமே முடியும். இதனால் மூன்று விளைவுகள் உண்டாகின்றன. ஒரு ஸ்தாயிக்குச் சற்று மேல் வரைதான் அதில் சுரங்கள் கிடைக்கும். பலமாக ஊதினால் ஒலி பெருகுவதற்குப் பதிலாகச் சுரம் விலகிவிடும் என்பதால், எல்லாச் சுரங்களும் ஏறத்தாழ ஒரே அளவு சத்தத்தில்தான் ஒலிக்கும். மூன்றாவதாக, வண்டு ரீங்கரிப்பது போன்ற அந்த ஒலி தனியாகக் கேட்கும்போது தெளிவாக இருந்தாலும், பெருக்கியில் இணைத்த கிட்டாருக்கு அருகில் வந்தவுடன் அமுங்கிப்போகும். ராக் இசையின் உயிரே சத்தத்தின் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. இந்தக் கருவியோ ஏற்ற இறக்கம் அறியாதது. இந்த முரணை எப்படிக் கையாண்டார்கள் என்பதில்தான் நான்கு ஆல்பங்களும் பிரிகின்றன.

அமேசிங் பிளாண்டல் குழுவினர் அதற்குக் கண்ட வழி, ராக்கின் தாளத்தையே பெரும்பாலும் விலக்கிவிடுவது. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வட்டாரத்தைச் சேர்ந்த ஜான் கிளாட்வின், டெரி வின்காட், எட்டி பெயர்ட் ஆகிய மூவரும் லூட் என்ற நரம்புக்கருவி, ரெக்கார்டர் என்ற ஊதுகுழல், க்ரம்ஹார்ன் முதலிய கருவிகளைத் தாங்களே வாசித்து, முதலாம் எலிசபெத் அரசி காலப் பாணியில் தாங்களே புதிதாக எழுதிய பாடல்களைப் பாடினார்கள். முதலாம் ரிச்சர்ட் மன்னரின் கதையில் வரும் பாணன் பிளாண்டலின் பெயரைத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டவர்கள். லிங்கன் நகரின் ரோமானியப் பெயரைத் தாங்கிய 'ஃபான்டேசியா லிண்டம்' இசைத்தட்டின் முதல் பக்கம் முழுவதையும், பழைய நடன வடிவங்களின் பெயர்களைக் கொண்ட சிறு பகுதிகள் கோத்த ஒரே தொடரிசை நிரப்புகிறது. இனிமைக்கும் மென்மைக்கும் இந்த நான்கில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் முதல் ஆல்பமாக இதை நான் சொல்லமாட்டேன். ஏறத்தாழ இருபது நிமிடம் நீளும் அந்தத் தொடரிசையில் வேகமும் மனநிலையும் பெரிதாக மாறுவதில்லை. பழக்கமில்லாத காது ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கியதையே கவனிக்காமல் போகக்கூடும். மேலும், பாடல்கள் எல்லாம் புதிதாக எழுதப்பட்டவை என்பதால், உண்மையான பழைய மெட்டு எப்படி இருக்கும் என்ற அறிமுகம் இதில் கிடைப்பதில்லை.

இதற்கு நேரெதிர்த் திசையில் நிற்பது 'ஷேடோ ஆஃப் தி மூன்'. டீப் பர்ப்பிள், ரெயின்போ குழுக்களின் வழியாக ஹார்ட் ராக் கிட்டாரின் இலக்கணத்தையே வகுத்தவர்களில் ஒருவரான ரிச்சி பிளாக்மோர், பாடகி கேண்டிஸ் நைட்டுடன் சேர்ந்து தொடங்கிய குழுவின் முதல் ஆல்பம் இது. மின்கிட்டாரைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்து அக்கூஸ்டிக் கிட்டாரைக் கையிலெடுத்த பிளாக்மோர், சுசாட்டோவின் தொகுப்பில் உள்ள நடன மெட்டுகள் சிலவற்றை எடுத்து, அவற்றுக்கு ஆங்கில வரிகளைச் சேர்த்து, எளிதில் மனத்தில் பதியும் பாடல்களாக மாற்றினார். 'ப்ளே மின்ஸ்ட்ரல் ப்ளே' பாடலில் ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் புல்லாங்குழல் வாசித்திருக்கிறார். ஹார்ட் ராக் கேட்டு வளர்ந்தவருக்கு இதைவிட எளிதான வாசல் இல்லை என்பது உண்மை. பிளாக்மோரின் விரல்களில் பழைய மெட்டின் மீதுள்ள அன்பு தெளிவாகத் தெரிகிறது. அது வேடம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் இந்த ஆல்பத்தில் மெட்டு மட்டும்தான் பழையது. அதைச் சுற்றி நிற்பவை கீபோர்டின் வயலின் கூட்டமும், எதிரொலி கூட்டிய குரலும், 1990களின் ஒலிப்பதிவு மெருகும். க்ரம்ஹார்னின் சிக்கலை இவர்கள் தீர்த்த முறை, ஒலியமைப்பின் மையத்தில் அத்தகைய கருவிகளுக்கு இடம் தராமல் இருந்ததுதான். இதைக் கேட்டு முடித்தவர் அழகான சில மெட்டுகளோடு எழுந்திருப்பார். அந்தக் காலத்தின் ஒலி எப்படி இருந்தது என்பது அவர் காதுக்குள் போயிருக்காது.

மாலிகார்ன் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிரிஃபனுக்கும் இதற்கும் இடையில்தான் என் மனம் நெடுநேரம் ஊசலாடியது. பிரிட்டனி வட்டார இசைக்கலைஞர் அலன் ஸ்டிவெல்லுடன் வாசித்துவந்த கேப்ரியல் யாகூப், மேரி யாகூபுடன் சேர்ந்து 1970களின் முற்பகுதியில் தொடங்கிய இந்தக் குழு, அரசவையைவிடக் கிராமத்து வாய்மொழி மரபில்தான் தன் பாடல்களைத் தேடியது. 'அல்மனாக்' என்ற தலைப்புக்கு ஏற்ப, ஆண்டின் மாதங்களையும் பருவங்களையும் திருநாட்களையும் ஒட்டிப் பாடல்கள் கோக்கப்பட்டிருக்கின்றன. ஜூன் மாதத்துப் புனித யோவான் திருநாளும் கிறிஸ்துமஸும் அதில் வருகின்றன. இந்த ஆல்பத்தின் உயிர்நிலை குரல்களில் இருக்கிறது. பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, தேவாலயச் சுவரில் மோதித் திரும்புவதுபோல் அடர்ந்து எழுகின்றன. குதிரைகளைத் தண்ணீர் காட்ட ஓட்டிச்செல்லும் ஒருவன், உன் காதலியைப் புதைக்கக் கொண்டுபோகிறார்கள் என்று குயில் கூவுவதைக் கேட்கும் ஒரு பாடல் இருக்கிறது. எந்த அலங்காரமும் இல்லாமல், சேதி சொல்லும் குரலில் அந்த வரிகள் பாடப்படும்போது, சொல் புரியாதவரையும் அந்தத் துயரம் வந்து தொடும்.

ராக்கையும் பழங்கருவியையும் இணைத்த முறையிலும் மாலிகார்ன் நுட்பமானது. சக்கரத்தைச் சுற்றி நரம்பை உரசி ஒலியெழுப்பும் ஹர்டி-கர்டியில் மெட்டுக்குக் கீழே ஒரு சுரம் இடையறாது ஒலித்துக்கொண்டே இருக்கும். மின்கிட்டாரை முன்னால் தள்ளித் தனி ஆவர்த்தனம் வாசிக்க விடாமல், அந்த நிலைச்சுரத்தோடு சேர்ந்து நீண்டு முழங்கும் ஒலியாக இவர்கள் பயன்படுத்துகிறார்கள். சுருதி நின்று ஒலிக்க அதன்மேல் ஒற்றை மெட்டு நடப்பது நம் செவிக்குப் பிறந்த நாள் முதல் பழகியது என்பதால், தமிழ்க் கேட்பாளர் ஒருவர் இந்த ஆல்பத்தில் எதிர்பாராத உரிமையை உணரக்கூடும். இடைக்கால ஐரோப்பிய இசையின் முறைகளில் ஒன்றான டோரியனின் சுரங்கள் நம் கரகரப்பிரியாவின் சுரங்களே என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்; கமகம் இல்லாததால் உருவம் வேறாகத் தெரிந்தாலும், சுரங்களின் இடைவெளி அந்நியமாகப் படாது.

இவ்வளவும் சொன்ன பிறகும் 'அல்மனாக்'கை முதலாவதாக வைக்காததற்கு ஒரே காரணம், இது சொற்களைச் சார்ந்த ஆல்பம் என்பதே. கதைப்பாடல்கள்தான் இதன் முதுகெலும்பு. பத்தி பத்தியாக ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும்போது, மாறிக்கொண்டே போகும் கதைதான் கேட்பவரை இழுத்துச் செல்ல வேண்டும். பிரெஞ்சு தெரியாதவர் பாடல்களின் பொருளைத் தேடிப் படித்துவிட்டு மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்புக்கு இந்த ஆல்பம் முழுத் தகுதி உடையது. ஆனால் அறிமுகத்திலேயே அந்த உழைப்பைக் கேட்பது பொருத்தமாகாது.

இனி கிரிஃபன். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் பயின்ற ரிச்சர்ட் ஹார்வியும் பிரையன் கல்லண்டும், கிட்டார் கலைஞர் கிரேம் டெய்லரோடும் தாளவாத்தியக் கலைஞர் டேவிட் ஓபர்லேவோடும் சேர்ந்து 1973இல் டிரான்ஸ்அட்லான்டிக் நிறுவனத்தில் இந்த ஆல்பத்தை வெளியிட்டார்கள். ஹார்வி ரெக்கார்டரையும் க்ரம்ஹார்னையும் வாசிக்கிறார். கல்லண்ட் பாசூனையும் க்ரம்ஹார்னையும் வாசிக்கிறார். மேலே சொன்ன சிக்கலுக்கு இவர்கள் கண்ட தீர்வு என்னைப் பொறுத்தவரை நான்கிலும் மிகச் சிறந்தது. பழங்கருவிகளை மின்கருவிகளின் அளவுக்கு உயர்த்த முயலாமல், ராக்கை அந்தக் கருவிகளின் அளவுக்கு இறக்கிக் கொண்டுவந்தார்கள். இந்த ஆல்பத்தில் குழுவுக்கென்று பேஸ் கிட்டார் கலைஞர் இல்லை. அடித்தளச் சுரங்களைத் தாங்கும் வேலையைப் பல இடங்களில் பாசூன் எடுத்துக்கொள்கிறது. பாசூனும் சீவாளிக் கருவிதான். ஆகவே மேலே ரீங்கரிக்கும் க்ரம்ஹார்னும் கீழே உறுமும் பாசூனும் ஒரே குடும்பத்துக் குரல்களாகப் பொருந்துகின்றன. ஓபர்லேவின் தாளம் இவற்றை அமுக்காமல் இடைவெளி விட்டு விழுகிறது. க்ரம்ஹார்னால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியாத குறையை, ஒரு கருவி விலகி இன்னொன்று நுழைவதன் மூலம் ஈடுகட்டுகிறார்கள்: மெட்டு ஒருமுறை ரெக்கார்டரில், அடுத்த முறை க்ரம்ஹார்னில், பிறகு எல்லாம் சேர்ந்து. சத்தம் ஏறி இறங்குவதாக நமக்குத் தோன்றுவது, உண்மையில் கருவிகள் கூடிப் பிரிவதால் உண்டாகும் உணர்வு. மறுமலர்ச்சிக் கால இசைக்குழுக்கள் இன்று மேடையில் கையாளும் வழக்கமான உத்தி இது. அதை ராக் குழுவின் சுறுசுறுப்போடு செய்தது கிரிஃபனின் சாதனை.

தொடக்கத்தில் வரும் 'கெம்ப்ஸ் ஜிக்' ஒன்றே இதற்குப் போதுமான சான்று. ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவில் நகைச்சுவை நடிகராக இருந்த வில்லியம் கெம்ப், 1600ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து நாரிச் நகரம் வரை ஒன்பது நாட்கள் ஆடியே சென்றார். அவர் பெயரால் வழங்கும் மெட்டு இது. துள்ளிக் குதிக்கும் அந்த மெட்டைக் கேட்டு முடிப்பதற்குள், காலால் தரையைத் தட்டிக்கொண்டிருப்பதைக் கேட்பவர் தாமே உணர்வார். எட்டாம் ஹென்றி மன்னர் இயற்றிய 'பாஸ்டைம் வித் குட் கம்பெனி', இடைக்கால நடன வடிவத்தின் பெயரையே தலைப்பாகக் கொண்ட 'எஸ்டாம்பி', கல்லறையில் உறங்க முடியாத காதலின் கதையைச் சொல்லும் 'தி அன்க்வயட் கிரேவ்', குழுவினரே இயற்றிய புதிய இசை என்று பல காலத்துச் சரக்கும் இதில் இருக்கிறது. முதல் ஆல்பமாகக் கேட்பவருக்கு இந்தக் கலவையே வசதி. அரசவை இசை, நடன இசை, கதைப்பாடல், இவற்றைக் கேட்டு வளர்ந்த இளைஞர்களின் சொந்தக் கற்பனை ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. பெரும்பகுதி கருவியிசையாக இருப்பதால் மொழித் தடையும் குறைவு.

இந்த ஆல்பத்தின் குறைகளையும் சொல்லாமல் விடக்கூடாது. பாடும் குரல்கள் சாதாரணமானவை. மாலிகார்னின் குரல்களைக் கேட்ட பிறகு இவற்றுக்குத் திரும்பினால் அந்த வேறுபாடு உறைக்கும். சில கதைப்பாடல்களில் குழுவினர் வேண்டுமென்றே கோமாளித்தனமாகப் பாடுவது, முதல்முறை சிரிப்பை வரவழைத்தாலும் பிறகு சற்று அலுப்பூட்டுகிறது. பன்னிரண்டு உருப்படிகளும் ஒரே நூலில் கோத்தவை என்று சொல்ல முடியாது. 'அல்மனாக்'கில் இருக்கும் ஒருமை இதில் இல்லை. என்றாலும் இந்தக் குறைகள் கேட்பவரைத் தடுத்து நிறுத்தும் குறைகள் அல்ல. பிடிக்காத பாடலைத் தாண்டிச் சென்றால் அடுத்த இரண்டு நிமிடத்தில் வேறொரு கருவி வேறொரு வேகத்தில் வந்துவிடுகிறது.

ஆகவே யாரேனும் என்னிடம் ஒரே ஓர் ஆல்பத்தின் பெயரைக் கேட்டால், 1973ஆம் ஆண்டின் கிரிஃபன் என்றே தயங்காமல் சொல்வேன். ஹார்ட் ராக் தவிர வேறெதையும் காதில் வாங்காத நண்பருக்குப் பரிசளிப்பதாக இருந்தால் மட்டும் 'ஷேடோ ஆஃப் தி மூன்' பொருத்தமானது. அவரை க்ரம்ஹார்னின் முன்னால் திடீரென்று நிறுத்துவது பயன் தராது. குரலிசையில் ஊறியவர், பாடல் வரிகளின் பொருளைத் தேடிப் படிக்கும் பொறுமை உடையவர் என்றால், கிரிஃபனைத் தாண்டி நேரே 'அல்மனாக்'குக்குப் போவதில் தவறில்லை. அவருக்கு அதுவே நீண்ட காலம் உடனிருக்கும் ஆல்பமாக அமையும். 'ஃபான்டேசியா லிண்டம்' இவை மூன்றில் இரண்டையாவது கேட்ட பிறகு, இரவில் அமைதியாகக் கேட்பதற்கென்று வைத்துக்கொள்ள வேண்டியது.

கிரிஃபனைத் தேர்ந்தெடுப்பவர் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் குழுவின் சிறந்த ஆல்பம் என்று பலரும் முன்மொழிவது 1974இல் வெளிவந்த 'ரெட் குவீன் டு கிரிஃபன் த்ரீ'. சதுரங்க ஆட்டத்தின் போக்கை ஒட்டிய நான்கு நீண்ட உருப்படிகள் கொண்ட, முற்றிலும் கருவியிசையான அந்த ஆல்பம் உயர்ந்த படைப்பு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அதற்குள் குழு சின்தசைசருக்கும், புரோகிரசிவ் ராக் என்ற நீண்ட, சிக்கலான ராக் வகைக்கும் வெகுதூரம் நகர்ந்துவிட்டது. அந்த வகையின் பெயர்பெற்ற யெஸ் (Yes) குழுவோடு சேர்ந்து அமெரிக்காவில் மேடையேறிய காலம் அது. பழைய இசையைத் தேடி வருபவர் அதில் தொடங்கினால், தேடிவந்தது எங்கே என்று திகைப்பார். முதல் ஆல்பத்திலிருந்து அதற்குச் செல்லும் வழியில், அதே 1974இல் வெளிவந்த 'மிட்நைட் மஷ்ரம்ப்ஸ்' இருக்கிறது. பீட்டர் ஹாலின் இயக்கத்தில் நேஷனல் தியேட்டர் மேடையேற்றிய ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பஸ்ட்' நாடகத்துக்காகக் குழு அமைத்த இசையிலிருந்து விரிந்தது அதன் நீண்ட தலைப்பிசை. வெளிவந்த வரிசையிலேயே மூன்றையும் கேட்பவருக்கு, க்ரம்ஹார்ன் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குப் போய் மின்கருவிகள் முன்னுக்கு வருவது படிப்படியாகக் காதில் விழும்.